முரசுமோட்டையில் குடியேற விரும்புவோர்க்கு

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குப் பின், மலேரியாவுக்கும் யானைக்கும் அஞ்சாது வன்னியில் காடு வெட்டிக் கழனி கண்டோரின் அனுபவம் செறிந்த இப்பிரதேசத்துக்குக் குடும்ப சமேதராய்ப் பெயர எண்ணுவோர், காணி விற்பவரிடம் யோசனை கேட்குமுன், அயலில் நெடுங்காலம் கமஞ்செய்யும் முதியவரொருவரை அணுகுதலே உசிதம். “ஐயா, 2018 மார்கழி வெள்ளத்தில இந்த வளவில எவ்வளவு தண்ணி நிண்டது?” என்று முதலிற் கேளுங்கள், மேட்டுநிலம் எது, பள்ளம் எதுவென்பது அவ்வொரு வினாவிலேயே விளங்கிவிடும்.

காணி அனுமதிப்பத்திரத்துக்குரியதா, அளிப்புப் பத்திரமுடையதா, உறுதிக்காணியா என்பதைக் கண்டாவளைப் பிரதேச செயலகத்தில் விசாரித்தறிக. அரசு வழங்கிய காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாதாகையால், வெறுங்கடிதத்தை நம்பிப் பணங்கொடுத்தல் பெருந்தவறு.

வயலாயின், சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்து நீரில் என்ன பங்கு கிடைக்குமென்று கமக்காரர் அமைப்பினரிடம் கேட்டறிதல் அவசியம். குளத்தின் நீரிருப்பைப் பொறுத்து அப்பங்கு வருஷந்தோறும் மாறும்.

மனைவியையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கிணறு, பாடசாலை, ஆஸ்பத்திரி ஆகியன குறித்து அவ்வூர்ப் பெண்கள் சொல்லும் விவரம் ஆடவரிடம் கிட்டுவதரிது. கடல்நீரேரி அண்மையிலிருப்பதால், ஆவணி வறட்சியில் ஒருமுறை சென்று கிணற்று ஜலத்தை அருந்திப் பார்த்த பின்னரே முற்பணம் கொடுக்கலாம்.