பள்ளிப் படிப்பு முடியுமுன்பே…

மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் வேலைக்கான பயிற்சியை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். பிளஸ் டூ முடியட்டும் என்று இருந்தால் பிள்ளை வீட்டோடு தங்கிவிடக்கூடும். முதலில் பஸ். சில நாள் பக்கத்தில் உட்காருங்கள், பிறகு பின் சீட்டில். அப்புறம் இறங்கும் நிறுத்தத்தில் மட்டும் நின்றால் போதும். சில்லறை எண்ணுவது, நேரத்துக்குக் கிளம்புவது, ‘புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க’ என்று கூசாமல் கேட்பது (இது பல பெரியவர்களுக்கே வராது) எல்லாம் சான்றிதழுக்குச் சமம். விடுமுறையில் தெரிந்தவர் கடையில் சில மணி நேரம் பழகட்டும். சிறு தொகையானாலும் கூலி பேசிவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டையை இப்போதே வாங்கி வையுங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசுப் பணியில் குறைந்தது 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு.