வயண்டாட் கோழி முட்டையிடுவது எப்போது? அவசரப்பட்டால் நஷ்டம்

கோழி வளர்ப்பில் கையைக் கடிக்கும் காலம் ஒன்று உண்டு. குஞ்சுப் பருவம் முடிந்து, முதல் முட்டை வருவதற்கு முந்தைய இரண்டு மாதங்களே அவை. விடைக்கோழி நாள்தோறும் தீனி தின்கிறது. முட்டை வரவு எதுவும் இல்லை. இச்சமயத்தில் பொறுமை இழப்போரில் சிலர், கோழி மலடு என்று எண்ணி இறைச்சிக்கு விற்றுவிடுகின்றனர். வேறு சிலர் சீக்கிரம் முட்டையிட வைப்பதற்காக முட்டைக்கோழித் தீவனத்தை முன்கூட்டியே கொடுக்கின்றனர். இரண்டிலும் நஷ்டமே. இதை விளங்கிக்கொள்ள, சற்றுத் தாமதித்து முட்டையிடும் வயண்டாட் இனம் நல்ல எடுத்துக்காட்டாகும்.

இனத்தின் இயல்பு

வயண்டாட் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான இனம். வட அமெரிக்கப் பழங்குடியினரில் ஒரு பிரிவினரின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. ஒவ்வொரு வெள்ளை இறகுக்கும் கறுப்பு ஓரம் கட்டினாற்போன்ற வெள்ளிக்கரை வகையை, அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1883இல் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. பொன்னிறக்கரை, முழு வெள்ளை ஆகிய வகைகள் பின்னர் சேர்ந்தன.

இது முட்டை, இறைச்சி ஆகிய இரண்டுக்கும் ஏற்ற கனத்த இனம். வளர்ந்த பெட்டை ஏறத்தாழ 3 கிலோவும், சேவல் ஏறத்தாழ 3.8 கிலோவும் இருக்கும். முட்டை பழுப்பு நிறம். நல்ல வம்சமானால் ஆண்டுக்கு 200 முட்டை வரை இடும். தலையோடு ஒட்டிய தட்டையான ரோஜாக் கொண்டையும், நெருக்கமான இறகும் இதன் அடையாளங்கள். உறைபனி விழும் நாடுகளில் உயர்ந்த கொண்டையுள்ள கோழிகளுக்குக் கொண்டையின் நுனி கருகிப்போகும். வயண்டாட்டுக்கு அத்தொல்லை குறைவு.

எத்தனை மாதத்தில் முட்டை?

முட்டைக்கென்றே வளர்க்கப்படும் வெள்ளை லெகார்ன் 18 முதல் 20 வாரங்களில் முட்டையிடத் தொடங்கும். வயண்டாட் அப்படியல்ல. பெரும்பாலானவை சுமார் 6 மாதத்தில் தொடங்கும். சில 5 மாதத்திலேயே இடும்; சில 7 மாதம் வரை காத்திருக்கும். உண்ணும் தீனி முதலில் எலும்புக்கும் சதைக்கும் போய், உடல் நிறைந்த பிறகே முட்டைக்குத் திரும்பும். ஆகவே லெகார்னின் கணக்கை வைத்துக்கொண்டு வயண்டாட்டை மலடு என்று தள்ளுவது சரியல்ல. நம் நாட்டுக் கோழியும் பெரும்பாலும் 6 மாதத்துக்குப் பிறகே முட்டை வைப்பதை விவசாயிகள் அறிவார்கள்.

பகல் நீளத்தின் பங்கு

வயதும் எடையும் சரியாக இருந்தும் முட்டை தள்ளிப்போவது உண்டு. இதற்கு வெளிச்சம் முக்கியக் காரணம். பகல் நீளும்போது கோழியின் மூளை தூண்டப்பட்டு, கருவகம் வேலை செய்யத் தொடங்குகிறது. பகல் குறுகும்போது இத்தூண்டுதல் குறைகிறது.

வயண்டாட்டின் தாயகமான நியூயார்க் மாநிலத்தில் ஜூன் மாதத்தில் பகல் 15 மணி நேரம் நீடிக்கும். டிசம்பரில் சுமார் 9 மணி நேரமே. அங்கே மார்ச், ஏப்ரலில் பொரித்த குஞ்சுகள் பெரும்பாலும் குளிர்காலத்துக்கு முன்னரே முட்டைக்கு வந்துவிடும். ஜூலையில் பொரித்தவை மிகக் குறுகிய பகல் உள்ள காலத்தில் 6 மாதத்தை எட்டுவதால், பிப்ரவரி, மார்ச் வரைகூடக் காத்திருக்கும். குஞ்சு எப்போது பொரித்தது என்பதைப் பார்த்தே அங்குள்ளோர் முட்டை வரவைக் கணக்கிடுகின்றனர்.

தமிழ்நாட்டில் பகல் நீளம் சுமார் 11½ மணி முதல் 12¾ மணி வரைதான் மாறுகிறது. ஆகவே இங்கே எந்த இனமானாலும் பருவத்தைவிட, தீனி, உடல் எடை, வெப்பம், நோய் ஆகியவையே முட்டை வரும் காலத்தை அதிகம் தீர்மானிக்கின்றன. மின்விளக்கு வைப்பதானால், விடைக்கோழி போதிய எடை பெற்ற பிறகே வைக்க வேண்டும். வாரத்துக்கு அரை மணி வீதம் கூட்டி, பகலும் விளக்குமாக 14 மணி நேரத்துக்குக் கொண்டுவரலாம். முட்டையிடும் காலத்தில் இதைக் குறைத்தால் முட்டை குறைந்துவிடும்.

அவசரத்தால் வரும் கேடு

உடல் நிறையாத விடைக்கோழியை விளக்கு வைத்து முட்டைக்குக் கொண்டுவந்தால், முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் முட்டை சிறுத்திருக்கும். இடுப்பு விரியாத நிலையில் முட்டை அடைத்துக்கொள்ளலாம். முட்டைப்பை வெளியே தள்ளிவிடலாம். வெளித்தள்ளிய சிவந்த சதையை மற்ற கோழிகள் கொத்தத் தொடங்கினால் அந்தக் கோழி பிழைப்பது அரிது. 6 மாதத்தில் ஒரு கனத்த விடைக்கோழி 10 கிலோவுக்கு மேல் தீவனம் தின்றிருக்கும். அவ்வளவும் ஒரே நாளில் வீணாகும்.

முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3½ சதவீதம் அளவில் இருக்கும். வளர்கோழித் தீவனத்தில் சுமார் 1 சதவீதமே. வளரும் கோழிக்கு நெடுநாள் முன்பிருந்தே முட்டைக்கோழித் தீவனம் கொடுத்தால், மிஞ்சிய சுண்ணாம்பைக் கழிக்க முடியாமல் சிறுநீரகம் கெடும். அதற்காக மிகத் தாமதிக்கவும் கூடாது. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. முதல் முட்டைக்கு 2 வாரங்களுக்கு முன்னரே கோழி தன் எலும்பின் உட்புறத்தில் இதைச் சேமிக்கத் தொடங்குகிறது. ஆகவே கீழ்க்கண்ட அறிகுறிகள் தெரிந்ததும் தீவனத்தை மாற்ற வேண்டும். இடித்த கிளிஞ்சலைத் தனித் தட்டில் வைத்துவிட்டால், கோழி தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும்.

முட்டைக்கு வரும் அறிகுறிகள்

1. கொண்டையும் தாடையும் வெளிறிய நிறம் மாறி நன்கு சிவக்கும். வயண்டாட்டின் கொண்டை தட்டையானதால் அது பெரிதாவது எளிதில் தெரியாது. நிறத்தையே பார்க்க வேண்டும்.

2. ஆள் அருகில் சென்றால் ஓடாமல், இறக்கையைச் சற்று விரித்துத் தரையில் பதுங்கும்.

3. தீனி எடுப்பது கூடும். மூலை முடுக்குகளில் நுழைந்து இடம் தேடும்.

4. குதத்தின் இருபுறமும் கைக்குத் தட்டுப்படும் மெல்லிய எலும்பு முனைகள் விலகும். ஒரு விரல் மட்டுமே நுழைந்தால் இன்னும் நாள் உண்டு. இரண்டு விரல் நுழையும்படி விலகியிருந்தால் முட்டை நெருங்கிவிட்டது. இரவில் கோழி அடைந்திருக்கும்போது இதைச் சோதிப்பது எளிது.

இந்த நிலையில் நான்கைந்து கோழிக்கு ஒன்று வீதம் வைக்கோல் பரப்பிய முட்டைப் பெட்டியை, அரையிருட்டான இடத்தில் வைக்க வேண்டும். அதில் ஒரு சுண்ணாம்புக்கல் முட்டையைப் போட்டுவைத்தால் கோழி அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும். முதல் சில முட்டைகள் சிறிதாகவோ, தோல்முட்டையாகவோ, இரட்டைக் கருவோடோ இருக்கலாம். சில வாரங்களில் சரியாகிவிடும்.

தாமதமானால் என்ன பார்ப்பது?

மாதம் இருமுறை வில் தராசில் எடை பார்த்துக் குறித்துவர வேண்டும். வயண்டாட் விடைக்கோழிக்கு முட்டைப் பருவத்தில் 2 முதல் 2½ கிலோ எடை இருப்பது நல்லது. எடை குறைந்தால் குடற்புழு, செள், புரதக் குறைவு ஆகியவற்றைக் கவனிக்கவும். தவிடும் குருணையும் மட்டும் போட்டு வளர்த்தால் புரதம் போதாது. கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத்தூளும் சேர வேண்டும். மாறாக, மக்காச்சோளத்தை அளவின்றிப் போட்டுக் கொழுக்க வைத்தாலும் முட்டை வராது. வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியை முட்டைப் பருவத்துக்கு முன்னரே முடித்துவிட வேண்டும்.

மேய்ச்சலில் விட்ட கோழி வைக்கோல் போரிலோ வேலியோரத்திலோ முட்டையை ஒளித்து வைத்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதும் அவசியம். குஞ்சு வாங்கும்போது பெட்டை என்று சொல்லிக் கொடுத்தது சேவலாக இருப்பதும் உண்டு. முதுகின் பின்புற இறகுகள் நீண்டு கூர்மையாக இருந்தால் அது சேவல். வட்டமாக இருந்தால் பெட்டை.

நம் ஊருக்கு ஏற்றதா?

குளிரைத் தாங்கும் நெருக்கமான இறகே வெப்பத்தில் வயண்டாட்டுக்குச் சுமையாகிறது. நம் சமவெளியின் கோடையில் அது வாய் பிளந்து இளைக்கும், தீனி குறையும், முட்டையும் குறையும். அழகுக்காக ஒன்றிரண்டு வளர்ப்போர் மரநிழலும், காற்றோட்டமும், எப்போதும் குளிர்ந்த தண்ணீரும் தர வேண்டும். முட்டை வருமானத்தை நம்பி அதிக விலை கொடுத்து வாங்குவது சமவெளியின் சிறு விவசாயிகளுக்கு ஏற்றதல்ல.

ஆனால் இந்த இனம் கற்பிக்கும் பாடம் எல்லாக் கோழிக்கும் பொருந்தும். நாட்காட்டியை மட்டும் பார்க்காமல் எடை, கொண்டை, இடுப்பு எலும்பு ஆகிய மூன்றையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 8 மாதம் நிறைந்து, குறைகளை எல்லாம் சரிசெய்த பிறகும் அறிகுறி எதுவும் தோன்றாத கோழியையே கழிக்க வேண்டும். அதற்கு முன் விற்பவர் தீனிச் செலவைத் தாம் ஏற்று, முட்டையை வாங்கியவருக்கு விட்டுக்கொடுக்கிறார்.