தோட்டத்து நாய் குட்டி போடும்போது

எங்க காங்கேயம், தாராபுரம் பக்கம் ஆட்டுப்பட்டிக்குக் காவல் நாய்தான். ஆனாலும் மாடு கன்னு போடச் சிரமப்பட்டால் ஓடுகிற நாம், நாய் என்றால் "அது தானாப் போட்டுக்கும்" என்று விட்டுவிடுகிறோம். நாட்டு நாய் பெரும்பாலும் தானாகவே போட்டுக்கொள்ளும். சிக்கல் வந்துவிட்டாலோ, சில மணி நேரத்தில் குட்டியும் தாயும் போய்விடும்.

நாள் கணக்கு

இணை சேர்ந்த தேதியைக் குறித்து வையுங்கள். சினைக்காலம் சுமார் 63 நாள். 70 நாள் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். கடைசி வாரம் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 101, 102 டிகிரி இருக்கும் சூடு 99-க்குக் கீழே இறங்கினால், ஒரு நாளுக்குள் குட்டி போடும். தீனி எடுக்காது, இரைக்கும், மண்ணைப் பறிக்கும். இருட்டான மூலையில் சாக்கு விரித்துவிட்டு, கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும்?

• அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வராவிட்டால்.
• வயிற்றில் இன்னும் குட்டி இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுத்தது வராவிட்டால்.
• முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வந்தால். நஞ்சு பிரிந்துவிட்டது, உள்ளே குட்டிக்கு மூச்சு இல்லை என்று அர்த்தம். முதல் குட்டிக்குப் பிறகு அதே நிறம் வருவது இயல்பு.
• நாய் சோர்ந்து படுத்தால், நடுங்கினால், வெட்டி இழுத்தால்.

கன்னுக்குட்டி பின்கால் முதலில் வந்தால் நாம் பதறுவோம். நாயில் பத்துக்கு நாலு குட்டி அப்படித்தான் வரும், பதற வேண்டாம்.

செய்யக் கூடாதது

பால் சுரக்க மாட்டுக்குச் சிலர் போடும் ஆக்ஸிடோசின் ஊசியை நாய்க்கும் போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். குட்டி குறுக்கே அடைத்திருக்கும்போது அந்த ஊசி போட்டால் கருப்பை கிழிந்துவிடும். கருப்பை சுருங்காமல் சோர்ந்துவிட்டதா, குட்டி அடைத்திருக்கிறதா என்று டாக்டர் பார்த்துத்தான் கால்சியமா, ஊசியா, ஆபரேஷனா என்று முடிவு செய்ய வேண்டும். சினையில் "சத்துக்கு" என்று கால்சிய மருந்தை நாமாக ஊற்றுவதும் தப்பு. ஈன்ற பிறகு பால் கொடுக்கும் நாளில் வலிப்பு வரக் காரணமாகும்.

குட்டி பாதி வெளியே வந்து நின்றால் மட்டும், சுத்தமான துணியால் உடம்பைப் பிடித்து, தாய் முக்கும்போது கீழ்நோக்கி மெதுவாக இழுக்கலாம். ஒற்றைக் காலைப் பிடித்து இழுக்காதீர்கள்.

பிறந்த குட்டிக்கு

தாய் சவ்வை நக்கிக் கிழிக்காவிட்டால் நாம் கிழித்து, மூக்கைத் துடைத்து, துணியால் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். குளிர்ந்துபோன குட்டி பால் குடிக்காது. முதலில் சூடு, பிறகு பால். சீம்பால் முதல் நாளே உள்ளே போக வேண்டும்.

இன்னொன்று. கோயமுத்தூரில் பக் நாய் வளர்ப்பு கூடிவிட்டது. அதன் குட்டிக்குத் தலை பெரிது, தாய்க்கு இடுப்பு குறுகல், பலதுக்கு ஆபரேஷன்தான். தோட்டத்துக்கு நாட்டு நாயே போதும்ங்க.

இயற்கை விவசாயி என்பதால் டாக்டரைக் கூப்பிடக் கூடாது என்றில்லை. பக்கத்து கால்நடை மருந்தகத்தில் ஆபரேஷன் வசதி உண்டா, இல்லாவிட்டால் நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குப் போக எத்தனை நேரம் ஆகும் என்று நாய் சினையாக இருக்கும்போதே விசாரித்து, நம்பரைச் சாளைச் சுவரில் எழுதி வையுங்கள்.