நம் வீட்டில் கூடு கட்டும் பறவைகள்

தென்சென்னையில் கடலோரமாயிருக்கும் திருவான்மியூரில் ஓட்டு வீடுகள் குறைந்து, அடுக்குமாடிகள் நிறைந்துவிட்டன. ஓட்டிடுக்கில் குடியிருந்த பறவைகள் எங்கே போகும்? ஏ.சி. பெட்டியின் பின்னால் மாடப்புறா முட்டையிடுகிறது. பால்கனிக் கம்பியில் தேன்சிட்டு கூட்டைத் தொங்கவிடுகிறது. கட்டடத்துப் பொந்தில் கூகை குடியேறுகிறது. இதனால் நம் இல்லங்களில் மூன்று கேள்விகள் எழுகின்றன. கூட்டைக் கலைக்கலாமா? எச்சம் பட்ட இடத்தில் தொழலாமா? ஆந்தை வந்தால் அபசகுனமா?

கூட்டைக் கலைக்கலாமா?

பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பது திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயம், 38-ஆம் வசனத்தின் கருத்து. இதன் விளக்கத்தை நாயகத்தின் வாழ்விலே காண்கிறோம்.

ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் சற்று அகன்றிருந்த நேரம், தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை சிறகடித்துத் தவித்தது. திரும்பி வந்த அண்ணலார், இதன் குஞ்சுகளைப் பறித்து இதை வருத்தியவர் யாரென வினவி, அவற்றைத் தாயிடமே சேர்க்கப் பணித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. எடுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர்; ஸஹாபாக்கள்! அப்படியிருந்தும் ஒரு பறவையின் தாய்மைத் துயரை நாயகம் பொறுக்கவில்லை.

அந்தப் பாடத்தை ஸஹாபாக்கள் மறக்கவில்லை. எகிப்தில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் அலெக்சாந்திரியாவுக்குப் படையுடன் புறப்படுகையில், தம் கூடாரத்தில் புறா ஒன்று கூடு கட்டியிருப்பதைக் கண்டு, கூடாரத்தையே பிரிக்காமல் விட்டுச் சென்றார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். 641-ல் அங்கே எழுந்த நகரின் பெயர் ஃபுஸ்தாத். கூடாரம் என்று பொருள். பிற்காலத்தில் துருக்கியர், இஸ்தான்புல்லில் பள்ளிவாசல் சுவர்களிலேயே பறவைகளுக்குச் சிறு கல்வீடுகள் அமைத்தனர்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2020-ல் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி கிராமத்தில், தெருவிளக்கின் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. அதற்காக ஊரார் ஒரு மாதத்திற்கு மேல் விளக்கின்றி இருந்தார்கள். அவர்கள் இருட்டைப் பொறுத்தார்கள். நாம் ஒரு ஜன்னலை மூடி வைக்க வேண்டும், அவ்வளவே. முட்டையிலிருந்து பறக்கும் வரை சிட்டுக்குருவிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். மாடப்புறாவுக்கு ஏழு வாரம் வரை ஆகலாம்.

அதற்காகத் தீங்கைச் சகித்தே தீரவேண்டும் என்பதில்லை. காய்ந்த புறா எச்சத்தின் தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே அதை நீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அகற்ற வேண்டும். கூடு வேண்டாம் என்பவர்கள், முட்டையிடுமுன்பே, அல்லது குஞ்சுகள் பறந்த பின்பு, வலை கட்டட்டும். உள்ளே பறவை இருக்கிறதா என்று பார்க்காமல் அடைத்துவிடலாகாது. பூனையை அடைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த வரலாறு நாம் அறிந்ததுதானே! காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வேட்டை என்றே கொள்கிறது.

எச்சம் பட்டால்?

ஹனஃபீ மத்ஹபில், புறா, சிட்டுக்குருவி போன்ற உண்ணத் தகுந்த, பறந்தவாறே எச்சமிடும் பறவைகளின் எச்சம் நஜீஸ் அல்ல. கோழி, வாத்தின் எச்சம் நஜீஸ். கூகை, பருந்து போன்ற வேட்டைப் பறவைகளின் எச்சம் இலேசான நஜீஸ். ஆடையின் கால் பங்குக்குக் குறைவாகப் பட்டால் மன்னிக்கப்படும்.

ஷாஃபிஈ மத்ஹபில் எல்லாப் பறவைகளின் எச்சமும் நஜீஸே. ஆடையில் பட்டால் எச்சத்தை நீக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஆனால் தவிர்க்க இயலாதபடி தொழுமிடத்தில் பரவிக் கிடந்தால் சலுகை உண்டு. எச்சமோ காலோ ஈரமாயிருக்கக் கூடாது. வேண்டுமென்றே அதன் மீது மிதிக்கவும் கூடாது. ஆகவே தொழுகையின் பேரைச் சொல்லிக் கூட்டைக் குலைக்க வேண்டிய அவசியமில்லை. கூட்டின் அடியில் ஒரு பழைய அட்டையை வைத்தால் பெரும்பாலும் கவலை தீர்ந்தது.

ஆந்தை அபசகுனமா?

கூகையைச் சாக்குருவி என்று சொல்லிக் கல்லெறிபவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். அறியாமைக் காலத்து அரபிகளும், கொல்லப்பட்டவனின் ஆவி ஆந்தையாகி அலறும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையையும், பறவைச் சகுனம் முழுவதையும் நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். பறவைகளை அவற்றின் கூடுகளிலேயே விட்டுவிடுமாறு அவர்கள் பணித்ததை உம்மு குர்ஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். சகுனம் பார்ப்பதற்காகப் பறவையை விரட்டிய வழக்கத்தைத் தடுக்கவே இவ்வாறு கூறப்பட்டது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் விளக்கம். ஆந்தையின் அலறல் மரணத்தைக் கொண்டுவராது. ஆயுள் அல்லாஹ்வின் கையில். கூகை தின்பதோ பெரும்பாலும் நம் வீட்டு எலிகளை.

குருவி கூடு கட்டினால் செல்வம் சேரும் என்பதும் அதே தவறுதான். ரிஜ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே; அந்தக் குருவிக்கும் அவனே அளிக்கிறான். ஆகவே சகோதர சகோதரிகளே, பயத்தால் கலைக்கவும் வேண்டாம், பேராசையால் காக்கவும் வேண்டாம். அல்லாஹ்வின் படைப்பு என்ற இரக்கத்தால் காப்போம். குஞ்சைத் தொடாமல் எட்டி நின்று பார்க்க நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். அந்த இரக்கத்தை வல்ல ரஹ்மான் நம் இல்லங்களில் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.