மாமல்லபுரத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் நாள்

கடற்கரையில் இரண்டு நாள் சுற்றிவிட்டு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்குச் சைக்கிளிலேயே திரும்புகிறவர்களுக்கு: கடைசி நாள் காலை கடலில் இறங்க வேண்டாம். உப்பு காய்ந்த உடம்போடு சீட்டில் உட்கார்ந்தால் பத்தாவது கிலோமீட்டரிலேயே தொடை உரசி எரியும்.

முந்தின இரவே சைக்கிளை ஒரு வாளி நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஓஸ் பைப்பைப் பீய்ச்சினால் மணல் பேரிங்குக்குள் போகும். பிரேக் கட்டையை விரலால் தடவிப் பாருங்கள். நறநறவென்றால் மணல் இருக்கிறது, ரிம்மைக் கீறிவிடும். செயினைப் பழைய பனியன் துணியால் துடைத்து, காய்ந்ததும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், புழுதி அப்பும்.

விடியுமுன் கிளம்புங்கள். கோவளம், கேளம்பாக்கம், வண்டலூர், பிறகு வெளிவட்டச் சாலை. அதில் லாரிகள் பறக்கும். சர்வீஸ் ரோடுதான் நமக்கு. எதிரே வரும் வண்டிகளிடம் கவனம். மதியத்துக்குமேல் கடற்காற்று முதுகைத் தள்ளும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. காற்று உதவும்தான், ஆனால் மேற்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்.

வீடு வந்ததும் செயினை மறுபடி துடையுங்கள். 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஊர் அம்பத்தூர். அங்கேயே அபார்ட்மென்ட் படிக்கட்டுக்குக் கீழே எத்தனை சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன, பாருங்கள்!