609-ல் தொடங்கும் பின்கோடு

வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாட்டின் நாகூர். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலின் வியாபாரி அங்கே பத்து மூட்டை சிமெண்ட் விற்றால் அது வெளிமாநில விற்பனை. ஐஜிஎஸ்டி போட வேண்டும். அதே சிமெண்ட் தமிழ்நாட்டைக் கடந்து 130 கிலோமீட்டருக்கும் அப்பால் புதுச்சேரிக்குப் போனால் உள்மாநில விற்பனை, சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல் என்றிருக்கும் ஊரில் பில் போடுகிறவருக்கு இது மனப்பாடம். மென்பொருள் ரோபோவுக்கோ யாராவது சொல்லித்தர வேண்டும்.

இந்த ரோபோவுக்குக் கையும் காலும் கிடையாது. குமாஸ்தா திரையில் செய்வதை அப்படியே செய்யும் நிரல் அது: எக்செல்லைத் திறக்கும், எண்ணை எடுக்கும், இன்னொரு தளத்தில் பதியும். தூங்காது, சலிக்காது. தப்பான முகவரியையும் அதே சலிப்பின்மையோடு பதியும்.

காரைக்காலில் ஓர் ஏஜென்சியின் பில்லிங்கை ரோபோவிடம் ஒப்படைக்கும் பணியில் நானும் இருந்தேன். பின்கோட்டின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. காரைக்கால் 609602, தமிழ்நாட்டின் மயிலாடுதுறை 609001. யோசனை அங்கேயே நின்றது.

பிறகு ஒரே ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு, அது போகும் வழியெல்லாம் கூடவே போனோம். வாட்ஸ்அப்பில் வந்தது நோட்டில் ஏறியது, நோட்டிலிருந்து எக்செல், எக்செல்லிலிருந்து டேலி. ஒவ்வோர் இடத்திலும் வாடிக்கையாளரின் முகவரி ஒவ்வொரு மாதிரி இருந்தது. பில் போடும் பெண்மணி அதை நினைவிலிருந்தே திருத்திக்கொண்டிருந்தார். அந்தத் திருத்தம் எந்த ஃபைலிலும் இல்லை. இப்படி ஒருவர் மனசுக்குள் நடக்கும் வேலையைத்தான் முதலில் எழுதி வாங்க வேண்டும் என்பேன். நோட்டையும் எக்செல்லையும் நிறுத்தினோம். முகவரி ஒரே இடத்தில், மாற்றும் உரிமை ஒருவருக்கே. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. பெரும்பாலான பில்லுக்கு அதுவே போதும். ரோபோவுக்கு மிஞ்சிய வேலை நினைத்ததில் பாதிகூட இல்லை.

முதலில் வேலையைக் குறை, பிறகு கணினியிடம் கொடு என்ற இந்தப் பாடம் பழையது. 1980களில் ஃபோர்டு கம்பெனியின் வட அமெரிக்காவில் சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் 500-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். கணினி வைத்து ஆட்களை 20 சதவீதம் குறைக்கத் திட்டம். மஸ்டாவில் அந்த வேலைக்கு ஐந்தே பேர். ஃபோர்டு இன்வாய்ஸையே விலக்கியது. பணம் கொடுக்குமுன் ஒப்பிட வேண்டிய 14 விவரங்கள் மூன்றாயின, ஆட்கள் 75 சதவீதம் குறைந்தார்கள். மைக்கேல் ஹாமர் 1990-ல் எழுதிய கட்டுரையால் இது உலகறிந்தது.

காரைக்கால்காரர்கள் இதன் மறுபக்கத்தை, கணினியை மட்டும் நம்பினால் என்னாகும் என்பதை, தங்கள் வீட்டிலேயே கண்டவர்கள். 2015 செப்டம்பரில் புதுச்சேரியிலும் சண்டிகரிலும் ரேஷன் மானியம் பணமாக வங்கிக்கு வரத் தொடங்கியது. ஆதார் வழியாக அனுப்பும் பணம், கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குப் போய்ச் சேரும். புதிதாக ஜன்தன் கணக்கு தொடங்கியவர் பழைய பாஸ்புக்கை நீட்டினால் அதில் ஒன்றும் இருக்காது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் யூனியன் பிரதேசங்களில் நடத்திய ஆய்வில், அரசுப் பதிவேட்டின்படி தவறிய பரிவர்த்தனை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பயனாளிகளைக் கேட்டபோதோ, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எதுவுமே கிடைக்கவில்லை என்றார். அரிசி வாங்கும் காசு அது. அனுப்பியாயிற்று என்று கணினி சொல்வதைக் கணக்காக எடுக்கக்கூடாது. கைக்கு வந்ததா என்று விசாரிக்கிற ஆள் யார் என்பதை, ரோபோ வருவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

ஏஜென்சியில் அந்த வேலை பழைய பில்லிங் பெண்மணியிடமே இருக்கிறது. ரோபோவுக்குப் பிடிபடாத பில்கள் காலையில் முதலில் அவர் மேஜைக்கு வரும். காரணத்தை ஒரு பத்தியில் எழுதுகிறார். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், ரோபோவின் விதியில் கை வைப்பதில்லை. அந்த முகவரியை முதன்முதலில் யார், எங்கே ஏற்றினார் என்று பார்த்து அங்கே திருத்துகிறார்கள்.