கழுத்து முடிச்சும் காலக் கணக்கும்

நம்மவர்களிடையே வருடத்துக்கொரு முறை உடல் பரிசோதனை செய்துகொள்ளும் வழக்கம் பரவி வருவது நல்லதே. ஆனால் அதனோடு கழுத்து ஸ்கேனும் சேர்ந்துவிட்டால், "தைராய்டில் முடிச்சு" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி வந்துவிடுகிறது. அன்றிரவே வீட்டில் அழுகை; மறுவாரம் ஆபரேஷன் பேச்சு.

சற்றுப் பொறுங்கள் என்போம். வயது ஏற ஏற, அதிலும் பெண்களுக்கு, இச்சுரப்பியில் முடிச்சு உண்டாவது மிகச் சாதாரணம். நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் புற்று அல்ல.

தென் கொரியா பட்ட பாடு கவனிக்கத்தக்கது. அங்கே 1999ல் அரசாங்கப் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கிற்று. திட்டத்தில் இல்லாத கழுத்து ஸ்கேனையும் ஆஸ்பத்திரிகள் சிறு கட்டணத்தில் சேர்த்துக் கொடுத்தன. 2011ல், 1993ஐப்போல் 15 மடங்கு தைராய்டுப் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. இறப்பு விகிதமோ மாறவேயில்லை. கடையில் சரக்கு பெருகவில்லை, இருப்பு எடுத்தவர்தாம் பெருகினர்! அறுத்துக்கொண்டவர்களிற் பெரும்பாலோர் ஆயுள் முழுதும் மாத்திரை விழுங்கலாயினர். சிலருக்குக் குரலும் கெட்டது. அம்மாத்திரையோ வெறும் வயிற்றில் போடுவது. நோன்பு மாதத்தில் அதற்கு வேளை பார்ப்பது எத்தகைய தொல்லையென்று போட்டு வருவோர் அறிவர்.

ஜப்பானில் கோபே நகரத்துக் குமா ஆஸ்பத்திரி 1993ல் வேறு வழி கண்டது. புற்றென்றே தெரிந்த, 1 சென்டிமீட்டருக்கு மேற்படாத சாதுவான கட்டிகளையும் அறுக்காமல் கண்காணித்தது. 1,235 பேரைப்பற்றி 2014ல் வெளியிட்ட கணக்கில், பத்தாண்டில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தவை நூற்றுக்கு 8. அந்நோயால் இறந்தவர் ஒருவருமில்லை. அவ்வாறிருக்க, புற்றல்லாத முடிச்சுக்கு என்ன அவசரம்?

கண்காணிப்பதென்றால் மறந்துவிடுவதன்று. முதலில் இரத்தத்தில் டி.எஸ்.எச். பார்ப்பர். பிறகு ஸ்கேனில் தெரியும் தோற்றத்தை வைத்து வகை பிரிப்பர். 2017ல் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி வகுத்த அளவுப்படி, கடற்பஞ்சு போன்றதற்கும் நீர்க்கட்டிக்கும் ஊசியே வேண்டாம். சிறிதளவு சந்தேகம் உள்ளதற்கு 2.5 சென்டிமீட்டர் ஆனால்தான் ஊசி; 1.5 முதல் அதுவரை உள்ளதை 1, 3, 5ஆம் ஆண்டுகளில் மறுபடி ஸ்கேன் செய்தால் போதும். சந்தேகம் மிகுந்த வகைக்கு இவ்வளவு தாராளம் இல்லை.

நம் வியாபாரிகள் தவறுவது இங்கேதான். ஜொகூர் பாருவில் ஒரு ஸ்கேன், ஊருக்குப் போனால் அங்கே ஒன்று. பழைய ரிப்போர்ட் எங்கேயென்றால் தெரியாது. முந்திய அளவு கையில் இல்லாமல் வளர்ந்ததா இல்லையா என்று எந்த டாக்டர் சொல்வார்? கடை லைசென்சோடு அதையும் ஒரே பைலில் வையுங்கள்.

குரல் கம்மினாலும், விழுங்கத் தடைப்பட்டாலும், கட்டி விரைந்து பெருத்தாலும் குறித்த தேதிவரை காத்திராதீர்கள். சிறுவயதில் கழுத்தில் கதிர்ச் சிகிச்சை பெற்றவரும், குடும்பத்தில் இப்புற்று கண்டவரும் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.